செட்டிநாட்டு வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பவை பாதி. ஐயா கட்டிய வீட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கேட்பவை மீதி. இரண்டையும் கலந்தே கொடுத்திருக்கிறேன். பார்க்க மட்டும் வருகிறவர்கள் ஓடு, சுண்ணாம்பு, பங்கு பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம். பங்குக்காரர்கள் தாண்ட வேண்டாம்.

செட்டிநாடு என்பது எந்த ஊர்?

ஒரு ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். முன்பு 96 ஊர் என்பார்கள். இன்று எழுபத்தைந்து சொச்சம். காரைக்குடியும் தேவகோட்டையும் டவுன் ஆகிவிட்டன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, கடியாபட்டி, ராயவரம், அரிமளம் எல்லாம் இன்னும் ஊராகத்தான் இருக்கின்றன. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் ‘செட்டிநாடு’ என்றே பெயர் வைத்திருப்பதால், பலர் அந்த இடம்தான் செட்டிநாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தது. இலங்கை, மலேயா, சைகோன் என்று பல இடங்களில் கடை வைத்திருந்தாலும் பெரும்பணம் வந்தது பர்மாவிலிருந்து. ‘கொண்டு விற்கப் போவது’ என்று ஊரில் சொல்வார்கள்.

1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதிக் கழிமுக நெல்லுக்கு ஐரோப்பாவில் சந்தை பிடித்தது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு முன்பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவரை வாசலில்கூட நிறுத்தாது. அந்த இடைவெளியில் உட்கார்ந்தவர்கள் செட்டியார்கள். சொந்தப் பணம், சொந்தக்காரர்கள் போட்டுவைத்த பணம், வங்கியில் வாங்கிய பணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கிராமம் கிராமமாகக் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன; அவற்றில் புரண்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அன்றைய 75 கோடி.

கடைக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போவதில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆம்பிளைகள் மட்டும் போய், மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள், ஊரிலேயே இருந்தார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), சாவு எல்லாம் ஊரில்தான். அதனால் சம்பாதித்த இடத்தில் குடில் மாதிரிக் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த இடம்) படுத்தவர், ஊரில் தெருவுக்குத் தெரு நீளும் வீட்டைக் கட்டினார்.

அழகை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கடைக்காரர்கள் பெயருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் ஏறக்குறைய 25 சதவீதம் ஆனது. செட்டியார்களுக்கு வேண்டியிருந்தது பணம், நிலமில்லை என்பது உண்மைதான். நிலத்தை இழந்தவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்?

எல்லா வீடும் ஒரே காலத்தில் கட்டியதா?

இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கி 1940கள் வரை கட்டியிருக்கிறார்கள். பழைய வீடுகள் அகலம் குறைவு, கல் தூணும் மரத் தூணும் கலந்திருக்கும், ஜோடனை கம்மி. 1900க்குப் பிறகு கட்டியவற்றில் பர்மாத் தேக்கு, இலங்கை முதிரை, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பூப்போட்ட சுவர் ஓடுகள் என்று சாமான் குவியும். 1930களில் கட்டியவற்றில் வளைந்த பால்கனி, இரும்புக் கர்டர், கான்கிரீட் எல்லாம் வந்துவிட்டன. பம்பாய், ரங்கூன் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்கள் அவை. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் கட்டியது; இப்போது ‘செட்டிநாட்டு வீடு’ என்றதும் எல்லோர் மனதிலும் வருகிற தோற்றம் ஏறக்குறைய அந்தக் காலத்துடையது.

ஒரு வீட்டில் இத்தனை அறை எதற்கு? எத்தனை பேர் குடியிருந்தார்கள்?

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அறைகளை எண்ணிவிட்டு இதைத்தான் கேட்பார்கள். அறைகளைப் படுக்கையறை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

தெருவிலிருந்து ஏறினால் முதலில் முகப்பு. இரண்டு பக்கமும் திண்ணை, பளபளக்கும் தூண்கள், கணக்குப்பிள்ளை உட்காரும் இடம். வியாபாரம் பேச வருகிறவர் பெரும்பாலும் இதோடு சரி. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு: நடுவில் திறந்த வாசல், சுற்றிலும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் பத்தி (தாழ்வாரம்), பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. சாப்பாடு, சமையல், அம்மி, உரல், கிணறு எல்லாம் அங்கே. கடைசிக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்து, கடைசியில் பின் தெரு வெளிச்சம் பொட்டாகத் தெரியும்.

வளவில் இருக்கும் அறைகள் பிள்ளைகளுக்கு ஆனவை. ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவர்கள் ஒரு ‘புள்ளி’. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான் கட்டுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அவர்களை ‘வேறு வைப்பார்கள்’: ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு இது ஒத்தே வராது; ஒரே வீட்டில் எட்டு மருமகள்கள் இருந்தால் எட்டு உலையும் கொதிக்கும். அந்தந்தப் புள்ளிக்கு உள்ளும் வெளியுமாக இரட்டை அறை. மருமகள் கொண்டுவந்த சாமான்கள் அதில்தான் அடுக்கியிருக்கும்: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், கண்ணாடி, பாய், கொட்டான் (ஓலைக் கூடை). பெண் வீட்டார் கொடுத்ததற்கு எழுத்துப் பட்டியலும் உண்டு. தூங்குவது பெரும்பாலும் பத்தியில் பாய் விரித்து, காற்றாட. சாவி இடுப்பில்.

அதனால் அந்த வீட்டை விசேஷ வீடாகவும் பண்டகசாலையாகவும் பார்த்தால்தான் அளவு புரியும். ஒரு கல்யாணத்துக்கு ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும், உறவுக்காரர்கள் நாள்கணக்கில் தங்க வேண்டும்.

ஆயிரம் ஜன்னல் வீட்டில் நிஜமாகவே ஆயிரம் ஜன்னல் இருக்கிறதா?

காரைக்குடியில் ஆட்டோக்காரரிடம் சொன்னால் நேராகக் கொண்டுபோய் விடுவார். ஜன்னல் ஏராளம், எண்ணியவர்கள் ஒத்த கணக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியிலிருந்து பார்க்கிற வீடு அது.

சுவர் பளிங்கு மாதிரி இருக்கிறதே, முட்டை வெள்ளைக்கருவில் பூசியது என்பது உண்மையா?

உண்மை. ஆனால் முட்டையை மட்டும் பூசினால் சுவர் ஆகாது. சரக்கு சுண்ணாம்பு.

சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து முதல் பூச்சு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் அதில் சேரும். மேலே போகப் போக மணல் நைசாகும், பூச்சு மெலிதாகும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். பக்குவம் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும்; யாரும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை. பூசிய ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லாலோ கண்ணாடியாலோ தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும்; முத்து முத்தாகத் தண்ணீர் வெளியே வரும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். வேலை முடிந்த பின்னும் நாள்கணக்கில் அந்த வியர்வையைத் துடைக்க ஆள் நிற்க வேண்டும். ஒரு இடத்தை மறந்துவிட்டால் அங்கே திட்டு விழும், பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனை பாடுபட்டால் கிடைப்பது, பெயின்ட் வேண்டாத சுவர். நூறு வருஷம் ஆகியும் ஈரத் துணியால் துடைத்தால் முகம் தெரிகிற தூண்களை இன்றும் பார்க்கலாம். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. வெள்ளைக்கருவும் அந்தத் தேய்ப்பும் மேற்பரப்பை நெருக்கமாக்குகின்றன. இன்றைக்கும் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். கூலி பெரிது, நாளும் ஆகும், கூட நின்று பார்க்கவும் வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள்? வீட்டில் போட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கல் என்று சொன்னாலும் இது கையால் செய்யும் தரை ஓடு. சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவோ கட்டமோ போட்ட தகர அச்சை வைப்பார்கள். அச்சின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நிறம்: சிமென்டில் சாயம் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நடுக்கமில்லாமல் தூக்க வேண்டும். கை ஆடினால் சிவப்பும் பச்சையும் கலந்துபோகும். நிறத்தின் மேல் உலர்ந்த மணல், சிமென்ட் கலவையைத் தூவி, பின்புறத்துக்கு ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறும். பிறகு கண்ணாடி கழன்று வரும். மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இதில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் முடிந்தது கதை. பாத்ரூம் கழுவுகிற திரவத்தைக் கொண்டுவந்து முகப்பில் ஊற்றி, எண்பது வருஷத்துத் தரையை ஒரு மத்தியானத்தில் வெளுக்க வைத்தவர்கள் உண்டு. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். நடக்க நடக்கத்தான் மெருகேறும். ஆள் நடமாட்டமில்லாத வீட்டில் தரை மங்கிப் போவதற்கு இதுவும் காரணம்.

வளவு வாசலில் விழும் மழை எங்கே போகிறது?

நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிவதால் மழை முழுக்க வாசலில் விழும். முதல் மழைக்குக் கூரையைக் கழுவ விட்டு, அப்புறம் வருவதை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். மிச்சத் தண்ணீர் வாசலின் மூலையில் உள்ள மடை வழியாகத் தெருக் காலுக்கும் (தெருவோர வாய்க்கால்), அங்கிருந்து ஊருணிக்கும் போகும். வறண்ட சீமையில் இவ்வளவு பெரிய ஊர்கள் தண்ணீர் குடித்து வாழ்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். தெருக் காலை மூடிச் சாலையை உயர்த்திப் போட்ட ஊர்களில் தண்ணீர் இப்போது போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குள் திரும்புகிறது. வீட்டுக்காரர் என்ன செலவு செய்தாலும் இதைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஏன் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன?

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது. பலர் கணக்கேடுகளை மட்டும் கட்டிக்கொண்டு கால்நடையாகத் திரும்பினார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தைத் தேசவுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமிருந்த கடைகளும் போயின.

வருமானம் அங்கே, செலவு இங்கே என்று கட்டிய வீடு இது. அங்கே அற்றுப்போனதும் பிள்ளைகள் படித்து வேலைக்குச் சென்னை, கோவை, பெங்களூர், அமெரிக்கா என்று போனார்கள். இங்கே ஒரு காவல்காரர், அல்லது முகப்பை ஒட்டிய இரண்டு அறையில் ஒரு வயதான ஆச்சி. விசேஷத்துக்குத் திறப்பார்கள். திருக்கார்த்திகை கழித்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு, ‘இழை எடுக்கும்’ சடங்குக்காக வந்து போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீடுகள் கொஞ்சம் தப்பித்திருக்கின்றன. காரணம், வருகிறதுக்கு முன்னால் யாராவது பெருக்கி, மேலே ஏறி ஓட்டைப் பார்ப்பார்கள்.

என் வீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது.

ஓடு. மற்றதெல்லாம் அப்புறம்.

வண்ணம் அடிப்பது, முகப்புப் பொம்மைகளுக்குச் சாயம் பூசுவது, வாசலில் கிரானைட் போடுவது எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், வீட்டைக் காப்பாற்றாது. இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆவணி, புரட்டாசியிலேயே ஓடு மாற்ற ஆள் பேசிவிட வேண்டும். நாட்டு ஓட்டைப் பல அடுக்காகச் செருகியிருப்பார்கள். மயிலும் குரங்கும் ஏறி நகர்த்திவிடும். ஒரு ஓடு நகர்ந்தால் கீழே உடனே ஒழுகாது. அடுத்த அடுக்கு தாங்கும், தண்ணீர் சரிவில் ஓடி எங்கோ ஒரு கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) தலையில் போய் நிற்கும். கீழே கறை தெரிகிற இடம் ஒன்று, மேலே உடைந்த இடம் வேறு. அதனால் கறைக்கு நேர் மேலே மட்டும் பார்த்து இரண்டு ஓடு வைத்துவிட்டு இறங்குகிற ஆளை நம்பாதீர்கள்.

கூரையில் மிகவும் ஆபத்தான இடம் கூடுவாய், அதாவது இரண்டு சரிவும் சேருகிற பள்ளம். இலைதழை அங்கேதான் அடைக்கும், தண்ணீர் அங்கேதான் தேங்கும், கூடுவாய் மரம் அங்கேதான் முதலில் உளுக்கும். அந்த மரம் இறங்கினால் வளவின் அந்த மூலையே கூட இறங்கும். தேக்குத்தானே, கரையான் தொடாது என்று சொல்வார்கள். காய்ந்த தேக்கைச் சீக்கிரம் தொடாது. வருஷக்கணக்கில் நனைந்த தேக்கைத் தொடும்.

கைப்பிடிச் சுவரில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகள் அடுத்த எதிரி. வெட்டிவிட்டால் மறுபடி இரண்டு மடங்காகத் தழைக்கும். வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்து, செங்கலைப் பிரித்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் திரும்பக் கட்ட வேண்டும். சுண்டுவிரல் கனத்தில் இருக்கும்போதே பிடுங்கினால் இந்தச் செலவு இல்லை.

அப்புறம் மடை. மழைக்கு முன் வளவு வாசல் மடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், போகிறதா என்று. கடைசியாக, மாதம் ஒரு நாள் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். பூட்டிய அறையின் புழுக்கத்தில் கெடுகிற மரமும் துணியும் படமும் கொஞ்சமில்லை.

உதிர்ந்த சுவருக்குச் சிமென்ட் பூசினால் என்ன?

பூசிய இரண்டு மூன்று வருஷம் நன்றாக இருக்கும். பழைய சுவர் சுண்ணாம்பில் கட்டியது; தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லை மாவாக்கும். ஒரு நாள் சிமென்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது பின்னால் இருக்கும் செங்கல்லையும் இழுத்துக்கொண்டு வரும். எமல்ஷன் பெயின்டும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

1930களில் கட்டிய கான்கிரீட் பகுதிக்கு வைத்தியம் வேறு. அங்கே உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். அதைப் பார்க்கக் கட்டமைப்புப் பொறியாளர்தான் வேண்டும், கொத்தனார் போதாது.

பங்காளிகள் ஒத்துவரவில்லை. சட்டப்படி என்ன வழி?

மழையைவிட அதிக வீடுகளை இதுதான் சாய்த்திருக்கிறது என்பது என் எண்ணம். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, ஒரு வீட்டுக்கு ஐம்பது கையெழுத்து தேவைப்படும் நிலை சாதாரணம். ஓடு மாற்றக் காசு கேட்டால், ‘அவன் கொடுக்கட்டும், நானும் கொடுக்கிறேன்’ என்பார்கள். அந்த ‘அவன்’ டெக்சாசில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.

வழக்கப்படி வீடு ஆண்வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. மகன் இல்லாதவர்கள் சுவீகாரம் எடுத்ததும் இதற்குத்தான். சட்டம் இப்போது அப்படி இல்லை. 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்ற பழைய 23ஆம் பிரிவும் அப்போதே நீக்கப்பட்டது. ஆகவே ‘அக்கா தங்கை கையெழுத்து வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், வக்கீலைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டை நியாயமாகப் பிரிக்க முடியாது என்ற நிலையில், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க உத்தரவிடலாம். அப்போது மற்ற பங்குக்காரர்கள் அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இரண்டாவது, ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்று, அந்த வெளியார் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன் செய்யக்கூடியது: வீட்டின் பெயரில் ஒரு டிரஸ்ட்டோ, எழுத்தில் ஒரு பராமரிப்பு ஒப்பந்தமோ. விற்பதா வேண்டாமா என்ற பேச்சை அதில் இழுக்காதீர்கள். ஓடு, மடை, காவல்காரர் சம்பளம் மட்டும். வருஷச் சந்தாவைப் புள்ளிக் கணக்கில் பிரியுங்கள். கோயிலுக்கு அப்படித்தான் கொடுத்துப் பழக்கம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணக்கை எல்லோருக்கும் மாதா மாதம் வாட்ஸ்அப்பில் போடுங்கள். பணம் கொடுக்காதவர்கூட கணக்கைப் படிப்பார்.

இடிக்க விடாமல் அரசு தடுக்காதா? யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே?

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை இந்தியா யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. தற்காலிகம் என்றால், பின்னால் முழு விண்ணப்பம் போடலாம் என்பது மட்டும். அதனால் ஒரு செங்கல்லுக்கும் பாதுகாப்பு வந்துவிடாது.

மத்தியத் தொல்லியல் சட்டம் 1958, மாநிலச் சட்டம் 1966. இரண்டும் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். இந்த வீடுகளில் பெரும்பாலானவை தனியார் குடியிருப்புகள், எந்த அறிவிப்பிலும் இல்லை. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த இடைவெளியில் தூண் தூணாகப் பிரித்து லாரி ஏற்றிய வீடுகள் எத்தனையோ.

பழைய தூண், கதவு, நிலை வாங்கி என் புது வீட்டில் வைக்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாகக் கிடைக்கும். எனாமல் தூக்குவாளி, பழைய போட்டோ சட்டம் வாங்குவதில் ஒன்றுமில்லை. பெரிய நிலைக்கதவும் தூணும் வந்திருந்தால் எங்கேயோ ஒரு வளவு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். தேவை இருக்கிறவரை பிரிப்பார்கள். நான் வாங்கமாட்டேன், நீங்கள் வாங்குவதானால் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் கையெழுத்தில் விற்றார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பங்குத் தகராறில் இருக்கும் வீட்டுச் சாமானாக இருந்தால் வம்பு உங்கள் வாசலுக்கும் வரும்.

1972 தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் நூறு வருஷம் கடந்திருந்தால் தொல்பொருள் கணக்கில் வரும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஹோட்டல் ஆக்குவது நல்லதா கெட்டதா?

ஓடு ஒழுகாமல் இருப்பதால் நல்லது. கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம், காரைக்குடியில் இப்படி மாறிய வீடுகள் நன்றாக நிற்கின்றன. ஊரில் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. கொத்தனார், தச்சர் கைத்தொழில் பிழைத்திருப்பதற்கும் இந்த வேலைகள் ஒரு காரணம். கவனிக்க வேண்டியது பாத்ரூம். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை ஒட்டும்போது குழாய் ஈரம் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கும். நல்ல இடங்களில் அதைச் சுவரிலிருந்து விலக்கித் தனியாகக் கட்டியிருப்பார்கள். சினிமா படப்பிடிப்புக்கு வாடகை விடுவதும் வருமானம்தான். பத்தியில் கனமான விளக்குகளை இழுத்துத் தரையைக் கீறுவதற்கு முன்பணத்தில் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரைக்குடி சுமார் 90 கி.மீ. கானாடுகாத்தானில் ஒரு காலை முழுக்கத் தெருத் தெருவாக நடந்தாலே போதும். ராஜா அரண்மனை எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். ஆத்தங்குடியில் உள்ள பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். மரவேலைச் செதுக்கல்களுக்காகவே போகலாம். அங்கேயே கல் செய்கிற பட்டறைகளையும் பார்க்கலாம். இவ்வளவு தூரம் வரமுடியாத சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது.

பூட்டிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உள்ளே விட்டால் செருப்பை வெளியே விடுங்கள். சாமி அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

அறையைத் திறந்தபோது கணக்கேடு, ஓலை, பழைய புத்தகம், போட்டோ எல்லாம் கிடைத்தன. என்ன செய்வது?

எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், இதழ், நோட்டீஸ் சுமார் ஒரு லட்சம். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. பேரேடும் அப்படித்தான். பர்மாவில் யாருக்கு என்ன வட்டிக்குக் கொடுத்தார்கள், தேக்கு என்ன விலை, ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்பதெல்லாம் வேறெங்கும் எழுதியிருக்காது.

கட்டை அவிழ்ப்பதற்கு முன் இருந்த வரிசையிலேயே படம் எடுங்கள். எந்த அறை, எந்தப் பெட்டி என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. சணல் சாக்கில் கட்டித் தரையில் வைக்காமல், மேல் தளத்தில் காற்றோட்டமான அறையில் பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். பிறகு ஒரு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்; மூலத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியுமா என்றும் கேட்கலாம்.